மூடி போட்ட டிரம்பெட்

வற்றல் மிளகாயின் நெடி மூக்கில் ஏறும்போது, வருகிற தும்மலைப் பாதியிலேயே விழுங்கிவிடக் கற்றுக்கொண்ட பிள்ளை நான். திருவனந்தபுரம் ஆரியசாலையில் மொத்த வியாபாரக் கடைகளின் முதுகுப்புறம் ஓடிய ஒரு சந்தில், ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் வரிசையாகத் தடுத்துக் கட்டிய "லைன்" வீடுகளில் ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். முன்பக்கம் கம்போளச் சந்தையில் மூட்டை இறங்கும்போதெல்லாம் மிளகாயும் மல்லியும் பெருங்காயமும் காற்றோடு கலந்து எங்கள் வீட்டுக்குள்தான் வந்து குடியேறும். மற்ற வீட்டுப் பிள்ளைகள் சந்தே அதிரத் தும்மிவிட்டு விளையாடப் போவார்கள். எங்கள் வீட்டில் மட்டும் பகல்வேளையில் தும்முவதற்கும் ஒரு சட்டம் இருந்தது. அந்தச் சட்டத்துக்குப் பெயர் "கோன்".

சிரிக்காதீர்கள், அது இத்தாலியச் சொல். அப்பா ஒரு சர்க்கார் பேண்டில் இரண்டாம் டிரம்பெட் வாசித்தார். எந்தப் பேண்டு என்று நான் சொல்லப்போவதில்லை. அவரோடு வாசித்தவர்களின் பிள்ளைகள் இன்னும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள், சண்டைக்கு வருவார்கள். வெள்ளைக்காரன் போனபிறகும் அவன் விட்டுப்போன சங்கீதக் காகிதங்கள் அந்தப் பேண்டை விட்டுப் போகவில்லை. அவற்றில் இப்படி வாசி, அப்படி வாசி என்கிற கட்டளைகள் எல்லாம் இத்தாலிய மொழியில்தான் இருக்கும். ஆக, நாஞ்சில் நாட்டிலிருந்து பிழைக்க வந்து எட்டாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்ட அப்பாவுக்குத் தமிழும் மலையாளமும் போக மூன்றாவதாகத் தெரிந்த மொழி இத்தாலியன். நோட்டுக்கு மேலே "கோன் சொர்தீனோ" என்று போட்டிருந்தால் டிரம்பெட்டின் வாயில் மூடியைச் செருகிக்கொண்டு வாசிக்க வேண்டும். "சென்சா சொர்தீனோ" என்று வந்தால் மூடியை எடுத்துவிட்டுத் தொண்டை திறந்து வாசிக்க வேண்டும். "வியா சொர்தீனி" என்றால் எல்லோரும் மூடிகளைக் கழற்றி வையுங்கள் என்று பொருள்.

இந்த மூன்றும் எங்கள் வீட்டில் உப்பு, புளி மாதிரிப் புழக்கத்துக்கு வந்துவிட்டன. நான் உரக்கப் பேசினால் அம்மா விரலை உதட்டில் வைத்து, "பிள்ளே, கோன்!" என்பாள். சாயங்காலம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து வாசலிலேயே நின்று, "கோனா சென்சாவா?" என்று கிசுகிசுப்பாகக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பேன். விருந்தாளி கிளம்பியதும் பாத்திரத்தை எடுத்து உள்ளே வைப்பதற்கு அம்மா "வியா, வியா" என்று விரட்டுவாள். அம்மா சபைக் கொயரில் பாடுகிறவள். அவளுக்கும் இந்தச் சொற்களில் ஒரு கர்வம் உண்டு. வேறு எந்த வீட்டில் இப்படி இத்தாலியனில் ஏச்சு விழும், சொல்லுங்கள்!

மூடி என்றால் டப்பா மூடி இல்லை. அலுமினியத்தில் செய்த, புனலைப் போன்ற ஒரு சாமான். அகன்ற பக்கம் அடைத்திருக்கும், குறுகிய பக்கத்தைச் சுற்றி மூன்று இடங்களில் தக்கைத் துண்டு ஒட்டியிருக்கும். அப்பா முதலில் டிரம்பெட்டின் வாய்க்குள் ஹா என்று ஒரு மூச்சு ஊதி ஈரமாக்குவார், பிறகு மூடியை உள்ளே வைத்து லேசாக ஒரு திருகு திருகுவார். அப்போதுதான் கழன்று விழாது. தக்கை தேய்ந்தபோது பழைய ஹவாய்ச் செருப்பிலிருந்து சீவி ஒட்டிக்கொண்டார். மூடி போட்டதும் வெண்கலச் சத்தம் முழுவதும் ஒடுங்கி, மெல்லிசாக, கொஞ்சம் மூக்கால் பாடுகிற மாதிரி, தூரத்தில் யாரோ யாரையோ கூப்பிடுகிற மாதிரி ஒரு ஓசை வரும். மூடி மாட்டவும் கழற்றவும் கைக்கு நேரம் வேண்டும் என்பதால், நல்ல சங்கீதக்காரன் அந்தக் கட்டளைக்கு முன்னால் சில தாளம் சும்மா இருக்க விடுவானாம். "மூடி போட நேரம் குடுக்காம கோன்னு எழுதினவன் டிரம்பெட்டைக் கண்ணால பாத்ததில்லன்னு அர்த்தம்" என்பார் அப்பா.

வீட்டில் அவர் மூடி போட்டது காகிதத்தில் எழுதியிருந்ததால் அல்ல, அடுத்த வீட்டு ஏலியம்மா சேச்சிக்காக. சேச்சி பாலா என்ற ஊர்க்காரர், ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணம் ஆகவில்லை, ஒற்றை ஆள். எல்லோரும் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிற ராத்திரி டூட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். தனி வீட்டில் ராத்திரி படுத்துக் கிடப்பதைவிட வார்டில் விழித்திருப்பது மேல் என்பார்கள். அதனால் பகல் முழுக்க உறக்கம். அவர்கள் கட்டில் கிடந்த அறைக்கும் அப்பா உட்கார்ந்து வாசிக்கிற எங்கள் முன்னறைக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு செங்கல் சுவர். அவர்கள் குடிவந்த புதிதில் ஒரு நாள் அப்பா திறந்த டிரம்பெட்டில் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, வாசலில் வந்து நின்றார்கள். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. ஒரு குறையும் சொல்லவில்லை. சிரித்தபடி தீப்பெட்டி கேட்டார்கள், வாங்கிக்கொண்டு போனார்கள். மறுநாளிலிருந்து அப்பா மூடியை வீட்டுக்குக் கொண்டுவரத் தொடங்கினார்.

இதில் அம்மாவுக்கு ஆகாத ஒன்று உண்டு. சந்து முனையில் விடிந்ததும் லாரிகள் வந்து ஹாரன் அடித்துத் தீர்க்கும், சுமட்டுக்காரர்கள் கத்துவார்கள், சேச்சி அதற்கெல்லாம் அசையாமல் உறங்குவார்கள். "லாரிக்காரன் காதுக்குள்ள வந்து அடிச்சாலும் அவ உறங்குதா. நீங்க ஊதினா மட்டும் முழிச்சிருவாளாக்கும்" என்பாள் அம்மா. அதற்கு அப்பாவிடம் எப்போதும் ஒரே பதில்தான்: "லாரிச் சத்தம் காதோட நின்னுரும். பாட்டு அப்படியில்ல கேட்டியா, அது உள்ள போய் ஆளை எழுப்பிரும்."

வேடிக்கை என்னவென்றால், மூடி தனக்காகப் போடப்படுகிறது என்பது சேச்சிக்குத் தெரியவே தெரியாது. உறக்கமும் விழிப்புமாகக் கிடக்கும்போது சுவர் வழியாகக் கேட்பதுதான் டிரம்பெட்டின் சத்தம் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருமுறை அம்மாவிடம் (அம்மாவை அவர்களும் சேச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்), "நான் டிரம்பெட்டுன்னா பெரிய சத்தம்னு பேடிச்சுப் போயி, சேச்சி. இது என்னா பாவம் வாத்தியம்!" என்று சொன்னார்கள். அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினேன்.

நான் சொல்ல வந்தது ஒரு கோடை விடுமுறையைப் பற்றி. அந்த ஆண்டு முதல் டிரம்பெட் வாசித்தவர் ஓய்வுபெறப் போகிறார் என்றும், ஜூன் மாத இடவப்பாதி மழை தொடங்கும் சமயத்தில் ஒரு தேர்வு வைத்து அந்த இடத்துக்கு ஆள் எடுப்பார்கள் என்றும் செய்தி வந்தது. போட்டிக்கு இரண்டு பேர்: அப்பாவும், அவரைவிட வயதில் இளைய ஒருவரும். முதல் டிரம்பெட்காரருக்குக் குவார்ட்டர்ஸ் உண்டு. அந்தக் குவார்ட்டர்ஸை அப்பா என்னைச் சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போய் வெளியில் நின்று காட்டினார். சுற்றிலும் சுவர், தனியாக நிற்கிற வீடு, முற்றத்தில் ஒரு பலாமரம், வீட்டுக்கு உள்ளேயே குழாய். பக்கத்து வீடு ஒரு கூப்பிடு தூரத்தில். "இங்க வந்தா பகல்லயும் சென்சாதான், மக்களே" என்றார். நான் அன்றைக்கே அந்த வீட்டுக்குக் குடிபோய்விட்டேன். பலாமரத்தில் எந்தக் கிளையில் ஊஞ்சல் கட்டுவது என்றுகூட முடிவுசெய்துவிட்டேன். இஷ்டத்துக்குத் தும்மலாம், கத்தலாம், தோழிகளைக் கூட்டிவந்து கும்மாளம் போடலாம் என்ற நினைப்பில் எனக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவு ஆசை!

தேர்வுக்குக் கொடுத்த உருப்படியின் பெயர் எனக்குத் தெரியாது. நாங்கள் "பரீட்சைப் பாட்டு" என்றுதான் சொன்னோம். முதல் பகுதி முழுக்கக் கோன் சொர்தீனோ, மெதுவான நடை. பிறகு சில தாளம் மௌனம். பிறகு சென்சா சொர்தீனோ, அதே ராகம் திறந்த வாயோடு, கோட்டை வாசல் திறந்த மாதிரி எழும்பி வரவேண்டும். சாயங்காலங்களில் அப்பாவுக்குப் பேண்டில் வேலை. கிடைப்பது பகல் மட்டும். பகல் என்றால் சேச்சியின் உறக்கம். ஆகவே முழுப் பாட்டையும் மூடி போட்டே பழகினார். சென்சா வரும் இடத்தில் டிரம்பெட்டை மடியில் இறக்குவார், காலால் தாளம் எண்ணுவார், மூடியை எடுக்காமலே மறுபடி உதட்டில் வைப்பார். "இங்க சென்சான்னு நெனச்சுக்கிடு" என்று எனக்குக் கண்ணைக் காட்டுவார். நானும் அப்படியே நினைத்துக்கொண்டு கேட்பேன். அந்த விடுமுறை முழுவதும் நாங்கள் இருவரும் இல்லாத சத்தத்தைச் சேர்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

அம்மா ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், "ஒரு வார்த்தை அவகிட்டச் சொன்னா என்ன? ரெண்டு மாசம் கூட வேலை பாக்குற நர்ஸ்மாரு வீட்டுல போய்ப் படுக்கமாட்டாளா?" என்று கேட்டாள். அப்பா வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார். வார்டில் ராத்திரியெல்லாம் நிற்கிறவள் கை நடுங்கினால் ஊசி போடும்போது யாருக்கு ஆபத்து என்று கேட்டார்.  அன்று குழம்பில் உப்பு கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

தேர்வன்று மழை கொட்டியது. அம்மாவும் நானும் பேண்டு ஹாலின் வராந்தாவில் ஒரே குடையோடு நின்றோம். முதல் நாளே சேச்சி வந்து அப்பாவுக்காக மெழுகுவர்த்தி ஏற்றியதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அப்பா முதல் பகுதியை வாசித்தபோது உள்ளே இருந்தவர்கள் ஒரு செருமல்கூடச் செருமவில்லை. வராந்தாவில் நின்ற ஒரு சேவகர், வாயில் வெற்றிலையோடு, அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். மௌனம் வந்தது. அப்பா மூடியை எடுத்துக் கீழே வைக்கிற மெல்லிய சத்தம் கேட்டது. பிறகு சென்சா எழும்பியது.

எனக்கு அப்போது சுருதி என்றால் என்னவென்று தெரியாது. அம்மாவின் கை தளர்ந்ததுதான் தெரிந்தது. அந்த முதல் சுரம், துணைக்கு வாசித்த பியானோவின் சுருதிக்குக் கீழே ஒரு மயிரிழை இறங்கி நின்றதாம். மூடி போட்டால் டிரம்பெட்டின் சுருதி கொஞ்சம் ஏறிவிடும். அதைச் சரிக்கட்ட வாசிக்கிறவர் முன்பக்கத்துக் குழாயை ஒரு விரல்கடை வெளியே இழுத்துக்கொள்வார். மூடியை எடுக்கும்போது அந்தக் குழாயைத் திரும்ப உள்ளே தள்ள வேண்டும். பேண்டில் தினமும் வாசிக்கிற பாட்டுகளில் அப்பாவின் கை அதைத் தானாகவே செய்யும். இந்தப் பாட்டில் மட்டும், இத்தனை வாரமாக அந்த இடத்தில் மூடியை எடுத்ததே இல்லை. குழாயைத் தள்ளவேண்டிய தேவையும் வந்ததில்லை. கை பழகியபடியே செய்துவிட்டது. அப்பா உடனே கண்டுகொண்டு உதட்டால் சுரத்தை மேலே ஏற்றப் பார்த்தார். ஏற்றும்போது சத்தம் நடுவில் விரிசல்விட்டது. கோட்டை வாசல் பாதி திறந்து சிக்கிக்கொண்டது. மற்றவர் பிழையில்லாமல் வாசித்தார். அன்றைக்கே முடிவு சொல்லிவிட்டார்கள்.

"கைக்கு எட்டினது வாய்க்கு எட்டல்ல" என்று அம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் கோபம் முழுவதும் அந்தச் செங்கல் சுவரின் மேல் திரும்பியது. இன்றைக்கு அவளிடம் சொல்லாமல் விடப்போவதில்லை, அவள் உறங்கினதற்கு என் பிள்ளைக்கு வீடு போச்சு என்று சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கிளம்பினாள். நானும் பின்னாலேயே போனேன். என் பலாமரம் போன ஆத்திரம் எனக்கு. அப்பா வாசலை மறித்து நின்றார். அவர் அம்மாவை மறித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"அவகிட்ட ஒரு வார்த்தை மிண்டப்பிடாது. சொன்னா அவ இனி பகல்ல உறங்கமாட்டா. நான் இத்தனை நாள் மூடி போட்டு வாசிச்சதுக்கு அப்புறம் என்ன அர்த்தம்?"

டூட்டிக்குப் போகும்முன் சேச்சியே வந்தார்கள், வெள்ளை உடுப்பில், தலையில் ஈரம் சொட்ட. எப்படி ஆச்சு அண்ணா என்று கேட்டார்கள். அப்பா சிரித்துக்கொண்டே, "நல்லா வாசிச்சேன். மத்தவன் என்னைவிட நல்லா வாசிச்சிட்டான்" என்றார். சேச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "சாரமில்லா அண்ணா, விடுங்க. இவ்வளவு மெதுவா வாசிக்கிற ஆளோட அருமை அவங்களுக்கு அறியாது" என்றார்கள். உள்ளே அம்மா ஒரு செம்பைத் தரையில் போட்டாள். தவறி விழுந்தது என்று பிறகு சொன்னாள்; நான் நம்பவில்லை.

நாங்கள் அந்த லைன் வீட்டிலேயே இருந்தோம். அப்பா கடைசிவரை இரண்டாம் டிரம்பெட்தான். சேச்சி குவைத்துக்கு வேலை கிடைத்துப் போனபோது அந்த வீட்டுக்கு ஒரு எண்ணெய்க்கடைக் கணக்கர் குடும்பத்தோடு வந்தார். அவர்கள் வீட்டு ரேடியோ காலையிலிருந்து அலறும். அப்பா சில நாள் பகலிலேயே திறந்த டிரம்பெட் வாசித்துப் பார்த்தார். அந்தச் சிறிய அறையில் சத்தம் சுவரில் மோதித் திரும்பி அவர் காதையே அடைத்தது போலிருக்கிறது. மறுபடி மூடியை எடுத்துக்கொண்டார். ஓய்வுபெற்ற அன்று டிரம்பெட்டையும் மூடியையும் பேண்டில் ஒப்படைத்துவிட்டு, மழைக்கோட்டு மட்டும் கையில் தொங்க, நடந்தே வீட்டுக்கு வந்தார். அவை சர்க்கார் சாமான்கள். அவர் வாசித்ததை யாரும் பதிவுசெய்து வைக்கவில்லை; அந்தக் காலத்தில் இரண்டாம் டிரம்பெட்டை யார் பதிவுசெய்வார்கள்!

இன்று அந்தச் சந்தில் லைன் வீடுகள் இல்லை. இடித்துவிட்டு, இரும்பு ஷட்டர் போட்ட கிடங்கு கட்டிவிட்டார்கள். அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. "வியா" என்று சொன்னால் பாத்திரத்தை எடுக்கிற ஆள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் மிச்சம். பூஜப்புரையில் நான்காம் மாடியில் இருக்கிறேன். என் பக்கத்துச் சுவருக்கு அப்பால் இருப்பவர்களின் பெயர்ப்பலகை தெரியும். அவர்கள் எப்போது உறங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் எப்போது அழுகிறேன் என்று அவர்களுக்கும் தெரியாது. எவ்வளவு பெரிய சௌகரியம்!  ஆனால் சில மத்தியானங்களில் அந்தச் செங்கல் சுவருக்காக மனசு ஏங்குகிறது.

போன மாதம் ஒரு முற்பகலில், அரிசியும் பருப்பும் குக்கரில் ஏற்றிவிட்டு முன்னறைக்கு வந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. "மோளே, என்னை ஓர்மை உண்டா, மறந்துட்டியா?" என்ற குரலை முதல் வார்த்தையிலேயே அறிந்துகொண்டேன். ஏலியம்மா சேச்சி! குவைத்திலிருந்து எப்போதோ திரும்பி, பாலாவில் அண்ணன் மகள் வீட்டில் இருக்கிறார்கள். எழுந்து நடக்க முடிவதில்லையாம். யார் யாரையோ பிடித்து என் எண்ணை வாங்கியிருக்கிறார்கள். அப்பா போன செய்தி இப்போதுதான் தெரிந்ததாம்.  பிறகு சேச்சி சொன்னார்கள்: "குவைத்தில, டெல்லியில, எத்தனையோ இடத்தில டிரம்பெட் கேட்டாச்சு மோளே. எல்லாம் காது பொட்டுற சத்தம். அண்ணன் மாதிரி மெதுவா வாசிக்க ஒருத்தருக்கும் அறியாது."

அம்மாவின் ரத்தம் எனக்குள் ஒரு கணம் கொதித்தது என்பதை மறைக்கமாட்டேன். சேச்சி, அது அவருடைய சத்தமே இல்லை, அவருடைய சத்தத்தை நீங்கள் கேட்டதே இல்லை, அதற்காக எங்களுக்கு என்ன போயிற்று தெரியுமா என்று நுனிநாக்கு வரை வந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. திறந்த டிரம்பெட்டை அப்பா பேண்டுக்காக, அணிவகுப்புக்காக, வந்துபோன பெரிய மனிதர்களுக்காக வாசித்தார்; அதைக் கேட்டவர்கள் இந்த ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். ஒரே ஒரு ஆளுக்காக வாசித்தது சுவர் தாண்டிப் போன அந்த மூடிச் சத்தம் ஒன்றுதான். அதை நான் கேட்டதே இல்லை. நான் எப்போதும் சுவருக்கு இந்தப் பக்கம், அவர் முழங்காலருகில் உட்கார்ந்திருந்தவள்.

"சேச்சி, அது உங்களுக்கு எப்படிக் கேட்டது?" என்று கேட்டேன்.

சேச்சி யோசிக்கவே இல்லை. வாயை மூடிக்கொண்டு, மூக்கால், மெதுவாக முனக ஆரம்பித்தார்கள். பரீட்சைப் பாட்டு. ஒரு சுரம்கூட இடறவில்லை. செங்கல்லும் சுண்ணாம்பும் கடந்து, கட்டிலில் கிடந்த களைத்த பெண்ணின் அரை உறக்கத்துக்குள் போய்ச் சேர்ந்த அப்பாவை, இத்தனை வயதுக்குப் பிறகு, முதல்முறையாக நான் கேட்டேன். மௌனம் வருகிற இடம் வந்தது. சேச்சியும் நிறுத்தினார்கள். நான் காத்திருந்தேன். பாட்டு மறுபடி தொடங்கவில்லை. காதை அழுத்திக் கேட்டபோது சீராக மூச்சு விடுகிற ஓசை மட்டும் வந்தது. பகலில் உறங்கிப் பழகிய உடம்பு, பேசிக்கொண்டிருக்கும்போதே உறங்கிப்போயிருந்தது.

போனைத் துண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு, பூனைபோல் அடுப்படிக்கு நடந்து, குக்கர் விசில் அடிப்பதற்குள் அடுப்பை அணைத்தேன்.